உடல்நலம் குன்றிய பெட்டா மீனை வீட்டில் பராமரித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைட்டர் மீன் என்று பலரும் அழைக்கும் பெட்டா சோர்ந்து கிடப்பதைப் பார்த்தவுடன் மருந்துப் புட்டியைத் தேடுவது இயல்பு. ஆனால் வீட்டுத் தொட்டிகளில் பெட்டாவுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி தண்ணீரில்தான் தொடங்குகிறது. ஆகவே கீழே உள்ள பதில்கள் பலவும் மருந்துக்கு முன்பாகத் தண்ணீரைப் பற்றியே பேசுகின்றன.

என் மீனுக்கு உண்மையிலேயே நோய்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆரோக்கியமான பெட்டா, தொட்டியின் அருகே ஆள் வந்தால் கண்ணாடியை நோக்கி நீந்தி வரும். துடுப்புகளை விரித்து வைத்திருக்கும். உணவைக் கண்டதும் பாயும். துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வது, நாள் முழுவதும் அடியிலோ மேற்பரப்பிலோ அசையாமல் இருப்பது, செவுள்கள் வேகமாகத் துடிப்பது, கற்களில் உடலை உரசுவது, நிறம் மங்கி உடலின் நெடுக்கில் கருங்கோடுகள் தெரிவது, உணவைத் தொடாமல் விடுவது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். இவற்றில் ஒன்று மட்டும் சிறிது நேரம் தெரிந்து மறைந்தால் பதற வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்து மறுநாளும் நீடித்தால் செயல்பட வேண்டும்.

நோய் என்று தவறாக எண்ணப்படும் இயல்பான விஷயங்களும் உண்டு. மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போவது மூச்சுத் திணறல் அன்று. செவுள்களோடு, காற்றிலிருந்து நேரடியாக ஆக்சிஜனை எடுக்கும் தனி உறுப்பு ஒன்றும் பெட்டாவின் தலைக்குள் இருக்கிறது. ஆண் மீன் சிலிர்த்துக்கொள்ளும்போது செவுள் மூடிக்குக் கீழே தாடிபோல் ஒரு கருஞ்சவ்வு வெளியே தெரியும். அது செவுள் வீக்கம் இல்லை. பெண் மீனின் வயிற்றடியில் உப்பு மணி அளவில் தெரியும் வெண்புள்ளி முட்டையிடும் குழாயின் நுனி. சில வகைப் பெட்டாக்கள் வளர வளர நிறம் மாறும். கிழிந்த துடுப்பு மீண்டும் வளரும்போது ஓரத்தில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு தோன்றும். அது குணமாவதற்கான அறிகுறி. அதைப் பார்த்து மருந்து ஊற்றிவிடக் கூடாது.

நோய்தான் என்று தோன்றினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும்; நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது; வெப்பநிலை 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருக்க வேண்டும்; அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 6.5க்கும் 7.5க்கும் இடையில் இருந்தால் பெட்டாவுக்கு ஏற்றது. பிஹெச் அளவு இந்த எல்லையைச் சற்றுத் தாண்டினாலும், நிலையாக இருக்கும்வரை, அதை இரசாயனம் ஊற்றித் திருத்த முயல வேண்டாம். திடீர் மாற்றமே மீனுக்கு அதிகக் கேடு செய்யும்.

மீன் தன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அழுகும் உணவும் அதையே உண்டாக்குகிறது. பழகிய தொட்டியில் ஃபில்டரிலும் கற்களிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் பெருகிப் போதிய அளவுக்கு வருவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை அம்மோனியா தேங்கிச் செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட்டோ இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். ஃபில்டர் இல்லாத சிறு கிண்ணத்தில் வைத்திருந்தால் இந்த நிலை ஒருபோதும் தீர்வதில்லை. செவுள் சிவந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கினால், வேறு நோயை நினைப்பதற்கு முன் அம்மோனியாவைச் சோதியுங்கள். தண்ணீரின் பிஹெச்சும் வெப்பமும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவில் நச்சுத்தன்மையுள்ள பங்கு கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வெப்பநிலையைக் கையால் தொட்டு மதிப்பிடுவது போதாது, தெர்மாமீட்டர் தேவை. பெட்டா வெப்பமண்டல மீன். தண்ணீர் 22 டிகிரிக்குக் கீழே போனால் அதன் செரிமானமும் நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். பகலுக்கும் இரவுக்கும் பல டிகிரி வேறுபாடு வரும் சிறு தொட்டிகளில் வேறு எந்தக் குறையும் இல்லாமலேயே மீன் நோய்ப்படுவதுண்டு.

டெஸ்ட் கிட் இல்லாவிட்டால்?

தண்ணீர் கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உடனே மாற்றிவிடுங்கள். முறையாகச் செய்தால் அதனால் தீங்கு வராது. பிறகு கிட் ஒன்றை வாங்கி வையுங்கள். தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையைவிட, சோதனைத் திரவத்தைத் துளித்துளியாக விட்டு நிறம் பார்க்கும் வகை துல்லியமானது.

தண்ணீரை எப்படி மாற்றுவது?

குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரினோ குளோரமினோ கலந்திருக்கலாம். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். குளோரமின் அப்படிப் போகாது. ஆகவே குளோரின் நீக்கியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. புதிய தண்ணீரின் வெப்பநிலை, தொட்டித் தண்ணீரோடு ஒன்று அல்லது இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. சிறு குழாயால் அடியில் உள்ள கழிவை உறிஞ்சி எடுத்தபின், புதிய தண்ணீரை மெதுவாக, மீனை அலைக்கழிக்காமல் ஊற்றுங்கள்.

தொட்டி முழுவதையும் காலி செய்து, கற்களையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவதைப் பலர் சுத்தம் என்று எண்ணிச் செய்கிறார்கள். நல்ல பாக்டீரியாக்கள் அதிலேயே அழிந்து, அடுத்த சில நாட்களில் அம்மோனியா முன்னைவிட அதிகமாக ஏறும். ஃபில்டர் பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும்.

நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டுமா?

மற்ற மீன்களோ நத்தைகளோ செடிகளோ இருக்கும் தொட்டியானால் மாற்றுவது நல்லது. மருந்தும் உப்பும் அவற்றைப் பாதிக்கும், ஃபில்டர் பாக்டீரியாவையும் சில மருந்துகள் அழித்துவிடும். பெட்டா தனியாகவே வாழ்கிறது, தண்ணீரைச் சரிசெய்வது மட்டுமே தேவை என்றால், இருக்கும் இடத்திலேயே விட்டுவிடலாம். இடமாற்றமும் ஓர் அதிர்ச்சிதான்.

ஐந்து முதல் பத்து லிட்டர் கொள்ளும், உணவுக்குத் தகுந்த பிளாஸ்டிக் பெட்டி கூட மருத்துவத் தொட்டியாகப் போதும். ஹீட்டர், தெர்மாமீட்டர், மூடி, மீன் சாய்ந்து ஓய்வெடுக்க மென்மையான இலை ஒன்று ஆகியவை வேண்டும். கற்கள் வேண்டாம், வெறும் அடித்தளத்தில்தான் கழிவும் மிச்ச உணவும் கண்ணில் படும். சோர்ந்த மீன் காற்றுக்காக மேலே வர அதிகம் நீந்த நேரக் கூடாது என்பதால், தண்ணீரின் உயரத்தை 15 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். மூடி இருந்தால் தண்ணீருக்கு மேலே உள்ள காற்றும் வெதுவெதுப்பாக இருக்கும். இந்தத் தொட்டியில் பாக்டீரியா வளம் இருக்காது. ஆகவே நாள்தோறும் பாதித் தண்ணீரையாவது மாற்றியே ஆக வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வையுங்கள்.

உப்பு போடலாமா? எவ்வளவு?

உப்பு எல்லா நோய்க்கும் மருந்து என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது சரியன்று, எனினும் முறையாகப் பயன்படுத்தினால் உண்மையான பயன் உண்டு. நன்னீர் மீனின் உடல் திரவம் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு மிகுந்தது என்பதால், தண்ணீர் எந்நேரமும் அதன் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. அதை வெளியேற்றவே மீன் தொடர்ந்து ஆற்றலைச் செலவிடுகிறது. தொட்டியில் சிறிது உப்பைக் கலந்தால் அந்தச் சுமை குறைகிறது. நைட்ரைட் நஞ்சேறிய மீனுக்கு, உப்பில் உள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் புகுவதைத் தடுக்கிறது. சில ஒட்டுண்ணிகளும் உப்பைத் தாங்குவதில்லை.

லிட்டருக்கு 1 கிராம் என்று தொடங்கி, தேவைப்பட்டால் ஓரிரு நாட்களில் படிப்படியாக 2 அல்லது 3 கிராம் வரை கூட்டலாம். சமையல் தராசில் நிறுத்துப் போடுவதே சரி. கரண்டிக் கணக்கு உப்பின் பருமனைப் பொறுத்து மாறும். வேறு பொருள் எதுவும் சேர்க்காத உப்பாக இருக்கட்டும். தனிப் பாத்திரத்தில் முழுவதுமாகக் கரைத்தபின் ஊற்றுங்கள். கரையாத மணி மீனின் மேல் பட்டால் தோல் புண்ணாகும். உப்பு ஆவியாகாது என்பதால், தண்ணீர் வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீரையே சேர்க்க வேண்டும். மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டுமே மீண்டும் உப்பு சேர்க்க வேண்டும். பத்து நாட்களுக்குள் முடித்துக்கொண்டு, தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நிரந்தரமாக உப்புத் தண்ணீரில் வைக்க வேண்டிய மீன் அன்று பெட்டா.

எப்சம் உப்பு வேறு பொருள். அது மெக்னீசியம் சல்பேட். வயிறு, கண் ஆகியவற்றின் வீக்கத்துக்கும் மலச்சிக்கலுக்கும் அது பயன்படும். லிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் போதும். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போட வேண்டாம்.

உடலில் வெண்புள்ளிகள் அல்லது பொன்னிறத் தூள் தெரிகிறது. என்ன செய்வது?

உப்பைத் தூவியதுபோல் எண்ணக்கூடிய வெண்புள்ளிகள் தெரிந்தால் அது வெண்புள்ளி நோய். இக்தியோப்திரியஸ் என்னும் ஒட்டுண்ணி அதற்குக் காரணம். புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. எந்த மருந்தும் அங்கே எட்டாது. வளர்ந்தபின் உதிர்ந்து அடியில் ஒட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அவை மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்தால் அழிகின்றன. எனவேதான் மருந்து போட்ட முதல் நாட்களில் புள்ளிகள் குறையாததைப் பார்த்து அளவைக் கூட்டக் கூடாது. புள்ளிகள் மறைந்தவுடன் நிறுத்தவும் கூடாது. வெப்பநிலையை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் 28 வரை உயர்த்தினால் இந்தச் சுழற்சி வேகமாக முடியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால், கூடவே மெல்லிய காற்றுக் குமிழிகளையும் விடுங்கள். மொத்தச் சிகிச்சையும் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீளும். உப்பைப் பத்து நாட்களுக்கு மேலும் வைக்க வேண்டியது இந்த நோயில் மட்டுமே. அடியில் உதிர்ந்தவற்றை நாள்தோறும் உறிஞ்சி எடுப்பது மருந்துக்கு நிகரான பலன் தரும்.

புள்ளிகளாக இல்லாமல் மிக நுண்ணிய பொன்னிற அல்லது துரு நிறத் தூள் படிந்திருந்தால் அது வெல்வெட் நோய். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியை மீனின் முதுகின் மேல் சாய்வாக அடித்துப் பார்த்தால், தலைக்குப் பின்னால் பொடி மின்னுவது தெரியும். சாதாரண வெளிச்சத்தில் பல சமயம் தெரியவே தெரியாது. இந்த ஒட்டுண்ணி ஒளியையும் உணவாக்கிக்கொள்ளக் கூடியது என்பதால், தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக வைப்பது உதவும். தாமிரம் கலந்த மருந்துகள் இதற்கு நன்கு வேலை செய்யும்; ஆனால் நத்தைகளுக்கும் இறால்களுக்கும் தாமிரம் நஞ்சு. வெல்வெட் மிக வேகமாகக் கொல்லும். ஐயம் ஏற்பட்ட அன்றே தொடங்கிவிடுங்கள்.

வால் கிழிந்திருப்பதற்கும் அழுகுவதற்கும் என்ன வேறுபாடு?

கிழிசல் ஒரே இரவில் தோன்றும். ஓரம் நேராகவோ பிளந்தோ இருக்கும், நிறம் மாறாது. பிளாஸ்டிக் செடியின் முனை, ஃபில்டரின் இழுவிசை, தன் வாலைத் தானே கடித்தல் ஆகியவை காரணங்கள். நீண்ட வால் கொண்ட ஆண் மீன்களில் தன் வாலைக் கடிக்கும் பழக்கம் மிகுதி. அழுகல் நாளுக்கு நாள் உள்நோக்கிப் பரவும். ஓரம் கருத்தோ சிவந்தோ நைந்தோ தெரியும். வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிட்டால் குழப்பமே வராது.

இரண்டுக்கும் முதல் மருந்து சுத்தமான, வெதுவெதுப்பான தண்ணீர்தான். லேசான வால் அழுகல், முறையான தண்ணீர் மாற்றத்தாலும் லிட்டருக்கு 1 கிராம் உப்பாலும் பெரும்பாலும் நின்றுவிடும். அழுகல் உடலை எட்டிவிட்டாலோ, ஒரு வாரத்தில் நிற்காவிட்டாலோ, பாக்டீரியாவுக்கான மருந்து தேவைப்படும்.

உடலில் பஞ்சுபோல் படிந்திருப்பது பூஞ்சையா?

பலர் உடனே பூஞ்சை என்று முடிவு செய்கிறார்கள். உண்மையான பூஞ்சை, ஏற்கெனவே புண்பட்ட இடத்தில், நீண்ட இழைகளாகப் புசுபுசுவென்று வளரும், மெல்லப் பரவும். வாயைச் சுற்றியோ முதுகின் மேல் சேணம் போட்டதுபோலவோ சாம்பல் வெண்மையான படலம் தோன்றி ஓரிரு நாட்களில் பரவினால், அது காலம்நாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். பூஞ்சை மருந்து அதற்கு உதவாது. வெப்பம் அந்தப் பாக்டீரியாவை வேகப்படுத்தும் என்பதால், வெண்புள்ளி நோய்க்குச் செய்வதுபோல் தண்ணீரைச் சூடாக்கிவிட்டால் மீன் இன்னும் விரைவில் இறக்கும். வெப்பநிலையை 24 டிகிரி அளவுக்கு மெதுவாகக் குறைத்து, பாக்டீரியா எதிர்ப்பு மருந்தை விரைவில் தொடங்க வேண்டும்.

வயிறு வீங்கியிருக்கிறது, மீன் மிதக்கிறது அல்லது மூழ்கிக் கிடக்கிறது.

மேலிருந்து குனிந்து பாருங்கள். செதில்கள் உடலோடு படிந்திருந்தால் அது பெரும்பாலும் அளவுக்கு மீறிய உணவும் மலச்சிக்கலும்தான். இரண்டு நாள் உணவை நிறுத்துங்கள். எப்சம் உப்பைத் தண்ணீரில் போடுங்கள். பிறகு டாஃப்னியா என்னும் நீர்ப்பூச்சியை உணவாகக் கொடுங்கள். வேகவைத்த பட்டாணி கொடுக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் காணப்படுகிறது; பெட்டா புழு பூச்சிகளைத் தின்னும் மீன் என்பதால் டாஃப்னியாவே அதற்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. பெண் மீன் முட்டையால் பருத்திருக்கவும் கூடும்.

செதில்கள் வெளிப்புறமாகத் தூக்கி நின்றால் அது மகோதரம். சிறுநீரகம் செயலிழந்து உடலில் நீர் தேங்கிவிட்டதன் வெளிப்பாடு அது. தனி நோய் அன்று. எப்சம் உப்பும் பாக்டீரியா மருந்தும் சேர்த்து முயலலாம். இந்த நிலையில் சாதாரண உப்பைத் தவிர்ப்பது நல்லது. பிழைப்பவை மிகச் சிலவே என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது வளர்ப்பவருக்கு நல்லது.

ஒரு கண் மட்டும் துருத்தி நின்றால் அடிபட்டிருக்கலாம். எப்சம் உப்பும் சுத்தமான தண்ணீரும் போதும். இரு கண்களும் வீங்கினால் உள்ளே தொற்று இருக்க வாய்ப்பு அதிகம்.

உணவே உண்ணாமல் எத்தனை நாள் தாங்கும்?

நன்கு வளர்ந்த பெட்டா ஒரு வாரம் உண்ணாமல் இருந்தாலும் அதனால் மட்டும் இறந்துவிடாது. நோயுற்ற மீனுக்கு முன்னால் உணவைத் தூவிக்கொண்டே இருப்பதுதான் அதைவிட ஆபத்து. தின்னாத உணவு அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். நாளுக்கு ஒருமுறை ஒரே ஒரு மணியை வைத்து, ஐந்து நிமிடத்தில் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். உறைந்த நிலையில் விற்கும் இரத்தப்புழுவைக் கரைத்துக் கொடுத்தால் பல மீன்கள் மீண்டும் உண்ணத் தொடங்கும்.

மெத்திலீன் நீலம், ஆன்டிபயாட்டிக் போன்றவற்றை நானே கொடுக்கலாமா?

மெத்திலீன் நீலம் பூஞ்சைக்கும் நைட்ரைட் நஞ்சுக்கும் உதவும். ஆனால் ஃபில்டர் பாக்டீரியாவைக் கொல்லும், தொட்டியின் சிலிகான் ஓரங்களை நீலமாக்கும். ஆகவே தனித் தொட்டியில் மட்டும் பயன்படுத்துங்கள். ஆன்டிபயாட்டிக்குகளை, கூடுமானால் மீன்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவரின் வழிகாட்டலில் கொடுங்கள். மனிதருக்கான மாத்திரையைப் பொடித்துப் போடுவதில் அளவு தெரியாது. பல மருந்துகள் தண்ணீர் வழியே மீனுக்குள் போய்ச் சேர்வதும் இல்லை. எந்த மருந்தானாலும் மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள்: ஒரு நேரத்தில் ஒரே மருந்து, தண்ணீரின் உண்மையான கொள்ளளவுக்கு ஏற்ற அளவு, குறிப்பிட்ட நாட்கள் முழுவதும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.

நாட்டு வாதுமை இலை நோயைத் தீர்க்குமா?

தீர்க்காது. உலர்ந்த இலை தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, டானின் என்னும் துவர்ப்புப் பொருள்களைக் கலந்து, பிஹெச்சைச் சற்றுக் குறைக்கும்; மீனைத் தெளிவாக அமைதிப்படுத்தும். துணைச் சிகிச்சையாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மீனின் நோய் எனக்குத் தொற்றுமா?

பெரும்பாலானவை தொற்றாது. முக்கியமான விதிவிலக்கு மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமி. மீன்களில் உடல் மெலிவு, முதுகு வளைவு, ஆறாத புண் ஆகியவற்றை உண்டாக்கும் இது, கையில் உள்ள வெட்டுக்காயம் வழியே மனிதருக்குள் புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டிகளைத் தோற்றுவிக்கும். காயம் இருந்தால் கையுறை அணியுங்கள். வாயால் உறிஞ்சித் தண்ணீரை இறக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கழுவுங்கள். அப்படி ஒரு கட்டி வந்தால், மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

இனிப் பிழைக்காது என்று தெரிந்தால்?

பெட்டாவின் ஆயுள் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்; முதுமையால் தளர்வதும் உண்டு. வலியில்லாமல் இருக்கும் முதிய மீனை, உயரம் குறைந்த தண்ணீரில் அமைதியாக விட்டுவிடலாம். நிமிர முடியாமல், உண்ணாமல், செதில் தூக்கிப் பல நாட்களாக அல்லல்படும் மீனுக்குக் கருணையான முடிவைத் தருவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே. முடிந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். இயலாவிட்டால் கிராம்பு எண்ணெய் மயக்க மருந்தாகப் பயன்படும்: ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் மீனை விட்டு, சில துளிகளை வெந்நீர்ப் புட்டியில் குலுக்கிப் பால்போலாக்கி மெதுவாகச் சேர்த்தால் மீன் உறங்கிவிடும், முழுவதும் மயங்கியபின் மொத்தம் அரை மில்லிலிட்டர் அளவுக்குச் சேர்த்து, செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே விட வேண்டும். உயிரோடு உறைபெட்டியில் வைப்பதும் கழிப்பறையில் ஊற்றுவதும் கொடுமை, செய்ய வேண்டாம்.

குணமான மீனை எப்போது பழைய தொட்டிக்கு மாற்றலாம்?

மருந்து முடிந்தபின் ஒரு வாரமாவது அறிகுறி எதுவும் இன்றி, நன்றாக உண்டு, துடுப்பை விரித்து நீந்த வேண்டும். அதற்குள் பழைய தொட்டியின் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் மீண்டும் சோதித்துப் பூஜ்ஜியம் என்று உறுதி செய்யுங்கள். மீன் இல்லாத தொட்டியில் பாக்டீரியாக்கள் பட்டினியால் குறைந்திருக்கக் கூடும். வெண்புள்ளி, வெல்வெட் போன்ற ஒட்டுண்ணி நோயாக இருந்தால், மற்ற மீன்கள் வாழும் பழைய தொட்டிக்கும் அதே சிகிச்சை நடந்திருக்க வேண்டும். பின்னர் மீனை ஒரு பாத்திரத்தில் எடுத்து, பழைய தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாக அரை மணி நேரம் சேர்த்துப் பழக்கியபின், பாத்திரத்துத் தண்ணீரை ஊற்றாமல் மீனை மட்டும் விடுங்கள். வலைக்கும் குழாய்க்கும் மருத்துவத் தொட்டிக்கென்று தனி உருப்படிகளை வைத்திருந்து, பயன்படுத்தியபின் வெயிலில் முழுவதுமாகக் காயவைத்து எடுத்து வையுங்கள்.